பல்தேயஸ் பாதிரியாரும் செப்புத்தகட்டு வரைபடங்களும்

இலங்கையின் பழைய வரைபடங்களைத் தேடிச் சேகரிப்போர் இன்று உலகின் பல நாடுகளிலும் இருக்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட ஒரு தாள் விலைக்கு வரும்போது, அது யாழ்ப்பாணக் கோட்டையாக இருந்தாலும், காலியாக இருந்தாலும், மட்டக்களப்பாக இருந்தாலும், அதன் கீழ் வணிகர் எழுதிவைக்கும் பெயர் பெரும்பாலும் ஒன்றுதான்: பல்தேயஸ். இப்பெயருக்குரியவர் நில அளவையாளரல்லர். தகட்டில் உளி பிடித்தவரும் அல்லர். அவர் ஒரு பாதிரியார். தமது பெயரால் வழங்கும் படங்கள் நூலாகிக் கடைக்கு வந்தபோது அவர் உயிருடன் இருக்கவில்லை.

இது சேகரிப்போருக்கு மட்டும் உரிய சிறு செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. கிழக்கிலங்கையின் ஊர்களும் காணிகளும் பற்றிய விவாதங்களில் பழைய வரைபடங்கள் சான்றாக நீட்டப்படுகின்றன. ஓர் ஊரின் பெயர் படத்தில் இருந்தால் அது தொன்மையானது என்றும், இல்லாவிட்டால் அங்கு மனிதர் வாழவில்லை என்றும் முடிவுகட்டிவிடுவோர் உண்டு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை போன்ற ஓர் ஊரில் பிறந்தவர் 17ஆம் நூற்றாண்டின் தீவுப் படமொன்றில் தமது ஊரைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். அந்த வெறுமை எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டுமானால் பல்தேயஸின் வாழ்வையும், அவருடைய நூலை அச்சிட்டவர்களின் தொழிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிலிப்பஸ் பல்தேயஸ் 1632ஆம் ஆண்டு ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். பெற்றோரைச் சிறு வயதிலேயே கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்த அவர் உறவினரின் ஆதரவில் வளர்ந்தார். அவ்வுறவினருள் ஒருவரான ரொபேர்ட்டஸ் யூனியஸ், ஃபொர்மோசா என்று அன்று வழங்கிய தாய்வானில் சமயப் பணி செய்து திரும்பியவர். கீழைத்தேசத்தில் ஊழியம் செய்யும் எண்ணம் இளைஞரின் மனத்தில் வேரூன்ற அதுவே போதுமானதாக இருந்திருக்கும். குரோனிங்கன், லெய்டன் பல்கலைக்கழகங்களில் கற்ற பின், 1654இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பாதிரியாராகப் பத்தாவியாவை நோக்கிக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 22.

கம்பனியின் பாதிரியார் என்றால் கம்பனியின் சம்பளக்காரர் என்று பொருள். திருச்சபை அவரை அனுப்பினாலும், எங்கே செல்வது, எவ்வளவு காலம் தங்குவது என்பவற்றைத் தீர்மானித்தவர்கள் வணிக அதிகாரிகளே. 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன் பின் றிக்லோஃப் வான் கூன்ஸ் வடக்கே படை நடத்தியபோது பல்தேயஸ் அப்படையுடன் சென்றார். 1658இல் மன்னார் வீழ்ந்தது. ஏறக்குறைய மூன்று மாத முற்றுகைக்குப் பின் யாழ்ப்பாணக் கோட்டை பணிந்தது. அடுத்து நாகபட்டினமும் கைமாறியது. இந்நிகழ்வுகளைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதியவரல்லர் பல்தேயஸ். அவர் அருகிலிருந்து கண்டவர். பின்னர் மலபார்க் கரைப் படையெடுப்பிலும் அவர் உடனிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவர் 1665 வரை பணியாற்றினார். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற கத்தோலிக்க ஆலயங்கள் பல சீர்திருத்தச் சபையின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன. தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று அவர் சுற்றி வந்த கோயிற்பற்றுகளின் பட்டியல் இன்றைய யாழ்ப்பாணத்தின் ஊர்ப் பட்டியலாகவே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பிள்ளைகள், கோயிலுக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்று அவர் கணக்கெடுத்தார். பருத்தித்துறைக் கடற்கரையில் நின்ற ஒரு பெரிய புளியமரத்தின் நிழலில் அவர் போதித்தார் என்னும் செய்தி அவ்வூரில் நெடுங்காலம் வழங்கியது.

இப்பணியை இன்று நோக்கும்போது புகழ்மொழி மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். சைவ வழிபாட்டுக்கும் பொதுவிடத்தில் இடமிருக்கவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தாற்றான் திருமணமும் உரிமைகளும் செல்லுபடியாகும் என்ற நிலையில், கோயிலுக்கு வந்தோரின் தொகையைக் கொண்டு மக்களின் மனத்தை அளக்க முடியாது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. பெயரளவில் கிறிஸ்தவர் பலர் என்பதை அவருடைய நூலே மறைக்கவில்லை.

ஆயினும் அவர் தமிழ் கற்றார். அவருக்கு முன் பழவேற்காட்டில் பணியாற்றிய ஆபிரகாம் றொஜேரியஸ் தமிழரின் சமயத்தைப் பற்றி எழுதி, அந்நூல் 1651இல் வெளிவந்திருந்தது. அவருக்கு அடுத்து இத்துறையில் ஒல்லாந்தர் நடுவே நினைக்கப்படுபவர் பல்தேயஸ். போர்த்துக்கேய மொழியிலும் தமிழிலும் அவரால் போதிக்க முடிந்தது. வேளாளரின் வயலும் மாடும், பரதவரின் தொழில், நெசவாளரும் சாயக்காரரும், பிராமணரின் ஒழுக்கம், பனை தரும் பயன்கள், யானை வணிகம் என்று யாழ்ப்பாணத்து அன்றாட வாழ்வை அவர் எழுதிய பக்கங்கள் இன்றும் ஆய்வாளரால் விடப்பட முடியாதவை. ஏழு ஆண்டுகள் ஒரே மண்ணில் நடந்து திரிந்த ஒருவரின் பார்வை அங்கே தெரிகிறது.

1666இல் ஒல்லாந்து திரும்பிய பல்தேயஸ் பின்னர் ஹேர்ஃப்லீட் என்னும் சிற்றூரின் பாதிரியாராக அமர்ந்தார். தாம் கொண்டுவந்த குறிப்புகளையும், கம்பனியாரின் நாட்குறிப்புகளையும், போர்க்கடிதங்களையும் தொகுத்து ஒரு பெருநூல் ஆக்கினார். மலபார், சோழமண்டலக் கரை பற்றி ஒரு பகுதி. இலங்கை பற்றி ஒரு பகுதி. கீழைத்தேசத்தாரின் சமய நம்பிக்கைகள் பற்றி மூன்றாம் பகுதி. 1671இல், நாற்பது வயதை எட்டாமலே அவர் மறைந்தார். நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது.

நூலை வெளியிட்டவர்கள் யோஹன்னஸ் யான்சோனியஸ் வான் வாஸ்பேர்க், யோஹன்னஸ் வான் சோமரன் ஆகிய இருவர். வரைபடச் சேகரிப்பாளர் முதற்பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவர். காரணம், யான்சோனியஸ் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஜெராடஸ் மெர்காட்டரின் நிலப்படத் தகடுகளை 1604இல் விலைக்கு வாங்கியவர் யொடோகஸ் ஹொண்டியஸ். அவருடைய மருமகன் யோஹன்னஸ் யான்சோனியஸ். இவர் 1664இல் மறைந்ததும் தொழில் இவருடைய மருமகனான வான் வாஸ்பேர்க்கின் கைக்கு வந்தது. மகனுக்கு அடுத்து மகன் என்றில்லாமல், மாமனிடமிருந்து மருமகனுக்குச் செப்புத்தகடுகள் சென்ற வரிசை இது. சீதனமாகத் தகடு கிடைத்த குடும்பம் என்று நம்மூரார் சொல்லக்கூடும்.

இவர்களுக்கு எதிர்நின்ற நிறுவனம் பிளாவ் குடும்பத்தினுடையது. ஒருவர் ஒரு நாட்டின் படத்தை வெளியிட்டால் அடுத்தவர் அதைப் பார்த்து வெட்டி அதைவிடப் பெரிதாக வெளியிடுவார். 1662இல் யோன் பிளாவ் 11 தொகுதிகளில் தமது பேரட்லசை இலத்தீனில் கொண்டுவந்தார். 1672 பெப்ரவரியில் பிளாவின் அச்சகம் தீக்கிரையாயிற்று. ஏராளமான தகடுகளும் தாள்களும் அழிந்தன. பல்தேயஸின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டிலேயே பிரான்சும் இங்கிலாந்தும் ஒல்லாந்தின்மீது போர் தொடுத்தன. அத்தனை குழப்பத்துக்கிடையிலும் இவ்வளவு செலவு பிடிக்கும் ஒரு படநூலை வெளியிடலாம் என்று வணிகர் துணிந்தமை, கீழைத்தேசப் படங்களுக்கு அங்கிருந்த கிராக்கியைக் காட்டுகிறது.

செலவு எவ்வாறு வந்தது என்பதை அறிய அத்தொழிலின் முறையைச் சற்று விளக்க வேண்டும். மெருகேற்றிய செப்புத்தகட்டில் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, கூரிய எஃகு உளியால் கோடு கோடாக வெட்டுவர். வெட்டிய பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து இரு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுப்பர். எழுத்துகளை அச்சிடும் பொறி வேறு. படத்துக்கான பொறி வேறு. எனவே ஒரே நூலுக்கு இருமுறை அச்சு வேலை. தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த தடம் இன்றும் விரலுக்குப் புலப்படும். உண்மையான பழந்தாளை அடையாளம் காணச் சேகரிப்பாளர் முதலில் தடவிப் பார்ப்பது இதைத்தான். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியையும் கம்பிக் கோடுகளையும் பார்ப்பர்.

தகடு விலையுயர்ந்த முதலீடு. ஆகவே அது ஒரு நூலுடன் ஓய்வதில்லை. தேய்ந்தால் மீண்டும் உளியால் ஆழப்படுத்துவர். உரிமையாளர் மாறினால் பழைய பெயரைத் தட்டி மழுக்கிப் புதுப்பெயரை வெட்டுவர். யான்சோனியஸ் குடும்பத்தின் தகடுகள் பல 1694இல் ஏலம் போய்ப் பீட்டர் ஷெங்க், ஜெராட் வால்க் ஆகியோரிடம் சேர்ந்தன. மெர்காட்டர் காலத்துச் செய்தி பல, நூறு ஆண்டு கழித்தும் புதிய படமாக விற்கப்பட்டது இதனாலேயே. படத்தின் அடியிலுள்ள ஆண்டு தாள் அச்சான ஆண்டாக இருக்கலாம். அதிலுள்ள செய்தியின் வயதை அது சொல்லாது.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். ஒல்லாந்தருக்கும் இலங்கைக்குமான தொடர்பு தொடங்கியதே இந்த வாவிமுகத்தில்தான். 1602 மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கு நங்கூரமிட்டார். அங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவருடைய பயண நூல் 1605இல் டெல்ஃப்டில் படங்களுடன் வெளிவந்தது. அதன் வெளியீட்டாளர் ஃபுளோரிஸ் பல்தசார் தாமே செதுக்குநரும் வரைபடக்காரருமாவார். பல்தேயஸ் பிறப்பதற்கு 27 ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் நடந்தது இது. ஸ்பில்பேர்கனை அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட் 1603இல் மட்டக்களப்பில் கொல்லப்பட்டார். அவருடைய மாலுமிகள் மாடுகளைக் கொன்றது இங்குள்ள மக்களைப் புண்படுத்தியதும் அச்சம்பவத்தின் பின்னணியில் சொல்லப்படுகிறது.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638 மே மாதம் வெஸ்டர்வோல்ட் அதைக் கைப்பற்றினார். இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கையும் இங்கேயே கைச்சாத்தாயிற்று. 1643இல் கோட்டை கண்டியரசனிடம் திரும்பச் சென்றது. ஒல்லாந்தர் மீண்டும் வந்து அமர்ந்தது 1668இல்.

இந்த இரு ஆண்டுகளைப் பல்தேயஸின் வாழ்க்கைக் குறிப்புடன் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். அவர் இத்தீவில் பணியாற்றி 1665இல் விடைபெற்ற காலம் முழுவதும் மட்டக்களப்பு ஒல்லாந்தர் கையில் இருக்கவில்லை. அவருக்கு இங்கே சபையும் இல்லை, பள்ளியும் இல்லை. அவருடைய நூலில் மட்டக்களப்புக் கோட்டையின் படம் இருக்கிறது. 1638இன் போர் விரிவாகப் பேசப்படுகிறது. அச்செய்தி அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்தது. கம்பனியின் பழைய ஏடுகளிலிருந்தே அதை அவர் எடுத்தாண்டிருக்க முடியும். தெல்லிப்பழைக் கோயிலின் படத்துக்கும் மட்டக்களப்புக் கோட்டையின் படத்துக்கும் ஒரே நூல், ஒரே தாள், ஒரே மை. நம்பகம் மட்டும் ஒன்றாகாது. வணிகர் இரண்டின் கீழும் ஒரே பெயரை எழுதிவிடுகின்றனர்.

படுவான்கரையின் வெறுமைக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. கடலோடிகளுக்கு வேண்டியவை வாவிமுகம், ஆழம், நங்கூரமிடும் இடம், கோட்டை. அவை படத்தில் உண்டு. வாவிக்கு அப்பால் வயல்கள் விரியும் நிலம் அவர்களுக்குக் கண்டியரசனின் நாட்டுக்குச் செல்லும் வழி மட்டுமே. அங்கே செதுக்குநர் மலைகளையும் மரங்களையும், சில படங்களில் யானைகளையும் வெட்டி நிரப்பினார். வெற்றிடம் விற்பனைக்கு உதவாது அல்லவா? கம்பனியின் சிறந்த கையெழுத்து வரைபடங்களோ இரகசியமாகக் காக்கப்பட்டன. யோன் பிளாவே கம்பனியின் வரைபடக்காரராக இருந்தும், அங்கே கண்டதைத் தம் கடையில் தாராளமாக விற்க அவருக்கு உரிமையில்லை. கடையில் விலைக்குக் கிடைத்த படம் கம்பனி அறிந்ததைவிடக் குறைவாகவே சொல்லிற்று.

எழுவான், படுவான் என்று சூரியன் எழும் கரையையும் விழும் கரையையும் பிரித்து அழைக்கும் மக்கள் தம் நிலத்தை வேறுவிதமாக நினைவில் வைத்திருந்தனர். கொக்கட்டி மரத்தடியில் தானாகத் தோன்றிய இலிங்கம் என்பது தான்தோன்றீச்சரர் ஆலயத்தின் வரலாறு. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயன் முன் கல் நந்தி எழுந்து புல் உண்டது என்பது இவ்வூரார் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. இது நம்பிக்கையைச் சார்ந்தது. அதை அளவை ஆவணமாக எவரும் காட்டமாட்டார். ஆனால் அந்நியர் வாவியைக் கடந்து இக்கரைக்கும் வந்தனர், இங்கே காக்கத்தக்க கோயிலும் அதைக் காக்க நினைத்த குடிகளும் இருந்தனர் என்ற நினைவு அதனுள் இருக்கிறது. 1962இல் எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தையும், ஒல்லாந்த அதிகாரி யாக்கோப் பேர்னாண்ட் 1794இல் இப்பகுதியின் விளைநிலமும் வருவாயும் பற்றி எழுதிய அறிக்கையையும் வைத்துக்கொண்டு இந்நிலத்தை அறிய முயல்வது, ஆம்ஸ்டர்டாம் தாளின் வெற்றிடத்தை நம்புவதைவிடப் பயனுடையது. மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை பாதையில் ஏறியே வாவியைக் கடந்தவர்களுக்கு, அக்கரை எவ்வளவு அருகில் இருந்தும் எவ்வளவு தொலைவாக இருக்கக்கூடும் என்பது புதிய செய்தியன்று.

பல்தேயஸின் நூலில் பிறர் உழைப்பு கலந்திருப்பது படங்களோடு நிற்கவில்லை. சமயம் பற்றிய மூன்றாம் பகுதியின் பெரும் பங்கு, மலபாரில் பணியாற்றிய இயேசு சபைக் குரு யாக்கொபோ ஃபெனிசியோவின் கையெழுத்து நூலிலிருந்து வந்தது என்பதை 1933இல் அந்நூலைப் பதிப்பித்த சுவீடன் நாட்டு அறிஞர் யார்ல் ஷார்பென்டியர் எடுத்துக்காட்டினார். எந்தக் கத்தோலிக்க குருமாரை நாடுகடத்திய ஆட்சிக்கு அவர் துணைநின்றாரோ, அவர்களுள் ஒருவரின் உழைப்பையே பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். தகட்டைப் பார்த்துத் தகடு வெட்டிய காலத்தில் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவது பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை என்று சிலர் அமைதி கூறுவர். இருக்கலாம். ஃபெனிசியோவுக்கு மூன்று நூற்றாண்டுகள் கிடைக்காத பெயருக்கு அந்த அமைதி ஈடாகாது.

நூலின் புகழ் வளர்ந்தது. இலண்டனில் சர்ச்சில் சகோதரர் வெளியிட்ட பயண நூல் தொகுப்பில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கிலமாயிற்று. அப்பதிப்புக்காகப் படங்கள் புதிதாக வெட்டப்பட்டன. இவையும் பல்தேயஸ் என்றே விற்கப்படுகின்றன. ஒல்லாந்த மூலத்திலிருந்து பீட்டர் புறோகியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1958-59இல் இலங்கை வரலாற்று இதழில் வெளியானது. வெளியீட்டாளர் வான் சோமரன் அடுத்துக் கைவைத்த பெருந்தொழில் ஓர்த்துஸ் மலபாரிக்கஸ். கேரளத்துச் செடிகொடிகளைச் செப்புத்தகட்டில் காட்டும் அந்த 12 தொகுதி நூலின் முதல் தொகுதியை 1678இல் வெளியிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1681இல் இலண்டனில் றிச்சர்ட் சிஸ்வெல் வெளியிட்ட றொபேட் நொக்ஸின் நூலும் அதிலுள்ள படமும் கண்டி நாட்டின் உட்பகுதியைக் காட்டியதற்குக் காரணம் எளிது: 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்.

சேகரிப்போர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழு நூலாக விற்பதைவிடப் படங்களைக் கழற்றித் தனித்தனியே விற்பது இலாபம் என்பதால், பழைய நூல்கள் எத்தனையோ பிரிக்கப்பட்டுவிட்டன. கழற்றிய தாளுக்குப் பிற்காலத்தில் வண்ணம் தீட்டிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். படத்தைச் சேர்ந்த எழுத்துப் பக்கங்கள் எங்கோ போய்விடுகின்றன. எது அவர் கண்டது, எது பிறரிடம் பெற்றது என்று பிரித்தறிய உதவுவது அந்தப் பக்கங்களே. இலங்கையில் வரைபடங்களையும் அளவைகளையும் பற்றி 1950களின் தொடக்கத்தில் விரிவாக எழுதிய ஆர்.எல். புறோகியர் போன்றோர் படத்தையும் ஆவணத்தையும் சேர்த்தே வாசித்தனர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு, ஒரு நூல் தீயில்லாமலும் அழியக்கூடும் என்பது விளங்காத செய்தியல்ல.

பல்தேயஸின் நூலில் கோட்டையோ துறைமுகமோ இல்லாத தாள்களும் சில உண்டு. தமிழ் எழுத்துகளை வரிசையாகக் காட்டுவது ஒன்று. கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழில் தருவது மற்றொன்று. ஆம்ஸ்டர்டாமின் செதுக்குநர் ஒருவர், பாதிரியார் எழுதிக்கொடுத்த மாதிரியைப் பார்த்து, அகரம் முதல் ஒவ்வோர் எழுத்தையும் இடவலம் மாற்றிச் செம்பில் வெட்டியிருக்கிறார். மலபார் மொழி என்று அன்று அவர்கள் அழைத்த நம் மொழியின் எழுத்து அவருக்குப் படம்தான்; யானையையும் மரத்தையும் வெட்டிய அதே உளியால் அதையும் வெட்டினார். சட்டமிட்டுச் சுவரில் மாட்ட அத்தாள்களில் அழகு ஏதுமில்லை. அந்நூலில் பல்தேயஸ் எவரிடமிருந்தும் இரவல் பெறாமல், யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து தாமே கற்றுக்கொண்டு சென்றது அது.